தீர்மான எண் என்ன? காரைக்குடிப் பக்கத்து உள்ளாட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் உள்ளாட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் பேருக்குத்தான், பிழைப்பு மனு எழுதுவதில் ஓடுகிறது. காலை பத்தரைக்கு மேல் கடை வாசலில் வந்து நிற்பவர் கையில் வரி ரசீது, பழைய பத்திரம், செல்போனில் எடுத்த சாக்கடைப் படம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். கேட்பதும் சுற்றிச் சுற்றி அதே பதினைந்து பதினாறு கேள்விதான். தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிப் போனதால் எழுதி வைத்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை. வரிசையில் நின்று பழகியவன், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மாநகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா? மனுவை யாருக்குப் போடுவது?

செட்டிநாடு நம் பேச்சில்தான் ஒரே நாடு. அரசாங்கக் காகிதத்தில் அது சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டமாகப் பிரிந்து கிடக்கிறது. காரைக்குடி மாநகராட்சி. தேவகோட்டை நகராட்சி. கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் எல்லாம் பேரூராட்சி. ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி மாதிரி ஊர்கள் கிராம ஊராட்சி. மனுவில் 'பெறுநர்' என்று எழுதும் இடம் இதைப் பொறுத்து மாறும். மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையர். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். ஊராட்சி என்றால் தலைவர், அவருக்கு மேலே வட்டார வளர்ச்சி அலுவலர்.

இதில் தவறினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும், மூன்று வாரம் கழித்து "இது எங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல" என்று ஒரு வரி வரும். சாலை விஷயத்தில் இது அடிக்கடி நடக்கும். உங்கள் வீட்டு வாசலில் ஓடும் தார்ச்சாலை உள்ளாட்சி மன்றத்துடையதாக இருக்கலாம், மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், தேசிய நெடுஞ்சாலையாகவும் இருக்கலாம். பள்ளம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டதே, நமக்கு என்ன மாறியது?

1928-இல் நகராட்சியான ஊர் இது. 2024-இல் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலையோடு சேர்த்து மாநகராட்சி ஆனது. நகர்மன்றம் மாமன்றம் ஆயிற்று, தலைவர் மேயர் ஆனார், பெயர்ப்பலகைக்குப் புது பெயின்ட் விழுந்தது. சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ப்பது என்று அரசு முடிவெடுத்தது. அந்தப் பட்டியலில் கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம், அரியக்குடி, கோவிலூர் போன்ற ஊராட்சிகளும் இருந்தன.

நம் பக்கத்துக் கிராமத்து ஜனங்களுக்கு இதில் உள்ள பெரிய கவலை பெயர்ப்பலகை இல்லை. நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலைத்திட்டம் கிராம ஊராட்சிக்கு மட்டும்தான். ஊர் மாநகராட்சிக்குள் போனால் அந்த அட்டை பயனற்றுப் போகும். வீட்டு வரியும் நகர்ப்புறக் கணக்கில் வந்துவிடும். 'கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டோமே' என்பார்கள். போடலாம், போட வேண்டும், ஆனால் எல்லையை மாற்றும் அதிகாரம் மாநில அரசின் கையில் இருக்கிறது. அந்தத் தீர்மானம் ஆட்சேபணையாகப் பதிவாகும், தடையாகாது.

ஒரு தீர்மானம் எப்படி உருவாகிறது? கூட்டத்தில் கை தூக்கியா?

எல்லோரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இதுதான். கூட்டத்தில் நடப்பது கடைசிக் காட்சி.

உங்கள் தெருவில் வடிகால் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பொறியியல் பிரிவில் ஒருவர் டேப்போடு வந்து அளப்பார். இத்தனை மீட்டர் நீளம், இத்தனை கன மீட்டர் மண் வெட்டு, இத்தனை கான்கிரீட் என்று ஒரு மதிப்பீடு தயாராகும். எந்த நிதியில் செய்வது என்று அடுத்த கேள்வி. வருவாய் நிதியா, குடிநீர் வடிகால் நிதியா, மத்திய நிதிக்குழு மானியமா, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டமா? இதை வைத்து அலுவலகக் குறிப்பு எழுதி ஆணையர் கையெழுத்துப் போடுவார். அது ஒரு 'பொருள்' ஆகும். பொருள்களைச் சேர்த்துத் தைத்தால் அஜெண்டா. கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் உறுப்பினர் வீட்டுக்கு அது போய்ச் சேரும்.

கூட்டத்தன்று நாற்பது ஐம்பது பொருள் இருந்தால் ஒவ்வொன்றையும் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? தெருவிளக்கு பற்றிக் கொஞ்சம் சத்தம், நாய்த்தொல்லை பற்றிக் கொஞ்சம் சத்தம், ஒரு வெளிநடப்பு, அப்புறம் 'ஆல் பாஸ்'. மறுநாள் செய்தித்தாளில் "அனைத்துத் தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டன" என்று வரும். தீர்மானம் நிறைவேறிய பிறகு ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, வேலை, அளவுப் புத்தகத்தில் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) அளவு, பில்.

ஆக, உங்கள் தெருவின் தலையெழுத்து அலுவலகக் குறிப்பிலேயே எழுதி முடிந்துவிடுகிறது. உங்கள் கவுன்சிலரைப் பார்க்க வேண்டியது கூட்டத்துக்கு முந்தைய வாரம். அஜெண்டா அவர் கையில் இருக்கும். "நம்ம வார்டு பொருள் ஏதும் இருக்காண்ணே, கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் காட்டுவார். சிலர் அஜெண்டா உறையையே பிரிக்காமல் வைத்திருப்பார்கள். நீங்கள் கேட்கப்போய்த்தான் பிரிப்பார்கள். அதுவும் நல்லதுதான்.

தீர்மானத்தில் 'பின்னேற்பு' என்று வருகிறதே, அது என்ன?

வேலையை முதலில் செய்துவிட்டு மன்றத்தின் அனுமதியைப் பிறகு வாங்குவது. குடிநீர்க் குழாய் உடைந்து தெரு ஆறாக ஓடும்போது கூட்டம் கூடும்வரை காத்திருக்க முடியாது, அதற்காக வைத்த வழி. தப்பில்லை. ஆனால் ஒரே அஜெண்டாவில் பத்துப் பொருள் பின்னேற்பாக வந்தால், அதில் திருவிழாப் பந்தலும் வாடகை லாரியும் மோட்டார் பழுதும் மாதாமாதம் வந்துகொண்டே இருந்தால், அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். திருவிழா எந்த மாதம் வரும் என்பது நம் ஊர் ஆச்சிகளுக்கு ஆறு மாதம் முன்னாலேயே தெரியும். அலுவலகத்துக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

மன்றக் கூட்டத்தில் நான் போய் உட்காரலாமா?

பார்வையாளராகப் போகலாம். பேச முடியாது, அது உறுப்பினர்களுக்கு மட்டும். இடம் குறைவு, அன்றைக்குப் போலீஸ் நிற்கும் என்பதால் முதல் நாளே அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. குறைந்தது மாதம் ஒருமுறை கூட்டம் உண்டு. ஒரு தடவை போய்ப் பாருங்கள். உங்கள் வார்டு உறுப்பினர் வாய் திறக்கிறாரா என்பதாவது தெரிந்துவிடும்.

கவுன்சிலருக்குச் சம்பளம் உண்டா? அவரிடம் எதைக் கேட்கலாம்?

2023-இலிருந்து மதிப்பூதியம் உண்டு. மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய், நகராட்சியில் 5,000, பேரூராட்சியில் 2,500. மேயருக்கு 30,000. இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அவர் கையில் காசோலைப் புத்தகம் கிடையாது. வேலையைச் செய்வதும் பில்லுக்குக் கையெழுத்துப் போடுவதும் ஆணையரும் பொறியாளரும். கவுன்சிலரால் முடிந்தது பொருள் வைக்கச் சொல்வது, கேள்வி கேட்பது, வாக்களிப்பது. தன் மன்றத்திலேயே அவர் ஒப்பந்த வேலை எடுக்கக் கூடாது, எடுத்தால் பதவிக்கு ஆபத்து. தொடர்ந்து மூன்று மாதம் கூட்டத்துக்கு வராமல் இருந்தாலும் அப்படித்தான். வருகைப் பதிவேடு ஓர் ஆவணம், நகல் கேட்கலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கணக்கு என்றால் உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த ஊர் நம்முடையது. புள்ளி வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று நகரத்தார் தங்கள் கோயிலுக்குக் கொடுப்பது) கொடுத்தவர், கோயில் கணக்கில் எண்ணெய்ச் செலவு நூறு ரூபாய் கூடினால் நகரத்தார் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பார். ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, போட்டுக் காட்டாத காரியக்காரர் அடுத்த வருஷம் தலைகாட்ட முடியாது. அதே மனிதர் அரையாண்டுக்கு ஆயிரக்கணக்கில் சொத்து வரி கட்டிவிட்டு ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்.

தீர்மான நகல் எப்படி வாங்குவது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, பொதுத் தகவல் அலுவலர் என்று பெறுநர். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அங்கும் கதவு திறக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். தகவல் தராமல் இழுத்தடித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வேறு அலுவலகத்துத் தகவலாக இருந்தால் 5 நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்ப வேண்டும், 'எங்கள் எல்லை அல்ல' என்று திருப்பக் கூடாது. மனுவைவிட இது எவ்வளவோ மேல்.

எழுதுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'ஏன்' என்று கேட்காதீர்கள். "எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்டால் "கருத்துக் கேட்பது தகவல் ஆகாது" என்று பதில் வரும். "இந்த வார்டில், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை நிறைவேறிய சாலைப் பணித் தீர்மானங்களின் எண், நாள், நகல்" என்று கேளுங்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது கடினம்.

இதோடு யாரும் பயன்படுத்தாத இன்னோர் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. பணியை நேரில் ஆய்வு செய்யலாம், பொருளின் மாதிரி எடுக்கலாம். புதிதாகப் போட்ட சிமென்ட் சாலையிலிருந்து ஒரு கட்டி கேட்டு வாங்கலாம் என்று சொன்னால் கடை வாசலில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை, சட்டத்தில் உள்ளதுதான்.

சாலை மேல் சாலை போட்டு எங்கள் வீடு பள்ளத்தில் போய்விட்டது. கேட்க முடியுமா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஓர் ஆச்சி இருக்கிறார். அவர் கதையைச் சொன்னால் எல்லாம் விளங்கும்.

நம் பக்கத்துப் பழைய வீடுகள் தரைமட்டத்திலிருந்து நன்றாகத் தூக்கிக் கட்டியவை. முகப்புக்கு ஏறும் படி கருங்கல். ஆச்சி வீட்டில் ஐந்து படி. தெருவில் தார் மேல் தாராகப் போட்டுப் போட்டு இப்போது மூன்றுதான் தெரிகிறது. மூன்றாவதும் பாதி. மழை பெய்தால் வாசல் திண்ணை ஓரம் தண்ணீர் நிற்கும். முன்பெல்லாம் அந்த வாசலைத் தாண்டித் தெருத்தண்ணீர் ஓடி ஊரணியில், அதாவது ஊர்க் குளத்தில், விழும்.

2021-இல் தலைமைச் செயலாளரே சாலை போடும் துறைகளுக்கு எழுதியிருக்கிறார், பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதுச் சாலை போட வேண்டும் என்று. ஆச்சி தெருவில் கடைசியாகச் சாலை போட்டபோது சுரண்டவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக மேலேயே கொட்டி உருட்டிவிட்டுப் போனார்கள். ஆச்சி மாடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மனு மூன்று தடவை போட்டார். பதில் இல்லை. நாலாவது தடவை என்னிடம் வந்தபோது, "ஆச்சி, மனு வேண்டாம். மூன்று தாள் கேட்போம்" என்றேன். தீர்மான நகல், மதிப்பீட்டு நகல், அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கம். முப்பதாவது நாளில் உறை வந்தது. மதிப்பீட்டில் நாலாவது இனமாகவே (ஐட்டமாகவே) இருந்தது: பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி அப்புறப்படுத்துதல், இத்தனை சதுர மீட்டர், இத்தனை ரூபாய். அளவுப் புத்தகத்தில் அந்த இனத்துக்கு நேராக அளவும் எழுதி, கையெழுத்தும் இருந்தது. செய்யாத வேலைக்கு அளவு.

ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு, "நம்ம வீட்டுக் கணக்குப்பிள்ளை இப்படி எழுதியிருந்தா அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பாக" என்றார்.

அந்த மூன்று தாளையும் தீர்மான எண்ணையும் குறிப்பிட்டு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். இறுதி பில்லில் அந்த இனத்தைக் கழித்துவிட்டதாகப் பதில் வந்தது. சாலை? அது அங்கேயேதான் இருக்கிறது, உயரமாக. முழு வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்துத் தெருவுக்கு அடுத்த சாலை வந்தபோது சுரண்டும் எந்திரம் முதலில் வந்து நின்றது.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் சொத்து வரியா? அதுவும் இவ்வளவா?

உண்டு. குடியிருந்தாலும் பூட்டிக் கிடந்தாலும் கட்டடம் கட்டடம்தான். 2022-இல் தமிழ்நாடு முழுக்க சொத்து வரி ஏறியபோது, 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று படி வைத்தார்கள். சென்னையின் பழைய பகுதிக்கு மட்டும் படிகள் வேறு. நம் ஊருக்கு இந்தப் படி எப்படி விழுந்தது என்று பாருங்கள். இந்தத் தெருவில் முகப்பு, அந்தத் தெருவில் பின்கட்டு என்று கிடக்கும் வளவு வீடுகள் எல்லாம் கடைசிப் படியில். உள்ளே ஒரே ஒரு வயசாளி, இல்லையென்றால் ஒரு காவல்காரர். வருமானம் பூஜ்யம். சதுர அடியைப் பார்க்கும் சட்டம் ஆளைப் பார்க்காது.

ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. அந்த வரி உயர்வு சும்மா வந்துவிடவில்லை. ஒவ்வொரு மன்றமும் முதலில் தீர்மானம் போட்டு, நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து, 30 நாள் ஆட்சேபணைக்கு இடம் விட்டு, அதன் பிறகே இறுதித் தீர்மானம் போட்டது. அந்த 30 நாளில் என் கடையில் ஆட்சேபணை எழுதிக்கொண்டு போனவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வரிச்சீட்டு வீட்டுக்கு வந்தபிறகு வந்த கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை.

உங்கள் வீட்டு அளவே தவறாக ஏறியிருந்தால் அது வேறு விஷயம். திறந்த முற்றத்தைக் கட்டடமாகக் கணக்கில் எடுத்திருப்பது நம் பக்கம் சகஜம். மறு அளவீடு கேட்டு எழுதுங்கள், வரைபடத்தையும் போட்டோவையும் வையுங்கள். ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய்.

வீட்டில் பதினேழு பங்கு. யார் பெயரில் மனுப் போடுவது?

வரி விதிப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் அல்லது அவர் வாரிசில் ஒருவர். மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதம் இருந்தால் நல்லது. தகவல் கேட்பதற்கு இது எதுவுமே வேண்டாம். இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும், அந்த வார்டில் வீடு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பினாங்கில் இருந்து ஓர் அண்ணன் போன் பண்ணிக் கேட்டார். அவர் மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டவர். அவர் பெயரில் முடியாது, சென்னையில் இருக்கும் தம்பி பெயரில் போட்டோம்.

வரி ரசீதில் பெயர் இருப்பதாலேயே சொத்து அவருக்குச் சொந்தமாகிவிடாது. இதை வைத்துப் பங்காளிச் சண்டைக்கு வருபவர்களை நான் வக்கீலிடம் அனுப்பிவிடுவேன்.

பகுதி சபா என்று நோட்டீஸ் வந்தது. போய்ப் பயன் உண்டா?

கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்குப் பகுதி சபா. 2022-இல் விதி வந்தது, அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர் எல்லோரும் உறுப்பினர். மேலே கவுன்சிலர் தலைமையில் வார்டு கமிட்டி. பகுதி சபா சொல்வது மன்றத்தைக் கட்டுப்படுத்தாது, பரிந்துரைதான்.

நான் பார்த்தவரை ஒரு சாமியானா, இருபது நாற்காலி, டீ, பிஸ்கட். முதலில் வருகைக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தீர்மானப் பக்கம் அப்போது காலியாக இருக்கும். எழுதி முடித்து வாசித்துக் காட்டியபின் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருங்கள். பயன் உண்டா என்று கேட்டால், உங்கள் ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் அடைப்பு அரசாங்கத் தாளில் முதல் தடவையாக ஏறியிருக்கும். அடுத்த மனுவுக்கு அது ஓர் ஆதாரம்.

கிராம சபையில் எத்தனை பேர் இருக்க வேண்டும்? தலைவர் இல்லாத காலத்தில் என்ன ஆகும்?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. மக்கள்தொகை 500-க்குள் என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வராதவர் கையெழுத்து எப்படி வந்தது என்று கேட்டுச் சண்டை போட்ட ஊர்கள் உண்டு. வரவு செலவு வாசிக்கப்பட வேண்டும், வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு, கணக்கும் உண்டு, தகவல் கேட்கும் உரிமையும் உண்டு. வாசலில் போய் நின்று திட்டுவதற்குத் தெரிந்த முகம் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

ஊரணி யாருடையது? தூர்வார யாரைக் கேட்பது?

முதலில் தாலுகா அலுவலகத்தில் அ-பதிவேட்டை (எந்த நிலம் யாருடையது என்று எழுதிய பதிவேடு) பாருங்கள். 'ஊரணிப் புறம்போக்கு' என்று இருந்தால் பராமரிப்பு உள்ளாட்சியின் பொறுப்பு. கோயில் பெயரிலோ குடும்பப் பெயரிலோ பட்டா இருந்தால் கதை வேறு. நம் ஊர்களில் முன்னோர் காசு போட்டு வெட்டியவை நிறைய, எது தருமத்துக்கு எழுதிக் கொடுத்தது, எது பெயரளவில் குடும்பத்துக்குச் சொந்தம் என்பது பதிவேட்டில்தான் தெரியும்.

மனுவில் சர்வே எண் இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம். 'எங்கள் தெரு ஊரணி' என்றால் அலுவலகத்துக்குப் புரியாது. ஊரணியின் சர்வே எண்ணோடு வரத்துக்காலின் சர்வே எண்ணையும் போடுங்கள். புலப்பட நகலில் (அந்த நிலத்தின் அளவை வரைபடம்) வரத்துக்கால் கோடாகத் தெரியும். ஊரணியைத் தூர்வாரி, கரை கட்டி, கம்பி வேலியும் நடைபாதையும் போட்டு, பெஞ்சும் வைத்துவிட்டுத் தண்ணீர் வரும் வழியை மட்டும் அடைத்துவிட்ட வேலையை நான் பார்த்திருக்கிறேன். மதிப்பீட்டில் வரத்துக்கால் என்ற சொல்லே இல்லை. தீர்மானத்திலும் இல்லை. கூரையில் விழுந்த மழையை முற்றத்தில் பிடித்து, மிச்சத்தைத் தெருவழியாக ஊரணிக்கு விட்டு, அதையே குடித்து வாழ்ந்த ஊரில் இப்படி.

காசு கொடுக்க ஆள் இருந்தால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. ஒரு பங்கைப் பொதுமக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். பணம் கட்டுபவர் மதிப்பீட்டை முதலில் வாங்கிப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

எங்கேயும் பதில் இல்லை. மேலே யாரிடம் போவது?

மனு கொடுத்தால் தபால் பிரிவில் தேதி முத்திரை போட்ட ரசீது வாங்குங்கள், அது இல்லாத மனு கொடுக்காத மனு. பிறகு முதல்வர் உதவி மையம் 1100. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள், ஆனால் சிவகங்கைக்குப் போய்க் கால் கடுக்க நின்று கொடுத்த மனு பெரும்பாலும் அதே அலுவலகத்துக்கே திரும்பி வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முறைகேடு என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள உள்ளாட்சி முறைமன்ற நடுவம் இருக்கிறது. லஞ்சம் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை. உள்ளாட்சி நிதித் தணிக்கை வருஷா வருஷம் கணக்கைப் பார்த்துத் 'தணிக்கைத் தடை', அதாவது கணக்கில் கண்ட குறை, எழுதும். அந்தத் தடைகளின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நீங்கள் சந்தேகப்பட்டது ஏற்கெனவே அங்கே அச்சடித்து இருக்கும்.

பெயர் போடாமல் மனுப் போடலாமா?

போடலாம், குப்பைக்குப் போகும்.

மொத்தத்தில் எவ்வளவு செலவாகும்?

வில்லை 10 ரூபாய். ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. எனக்கு எழுதுகூலி ஐம்பது, ஆச்சிகளுக்கு முப்பது. படி மூழ்கிய வீட்டு ஆச்சிக்கு வந்தது மொத்தம் பதினோரு பக்கம், 22 ரூபாய். அந்தத் தாள்களை அவர் பெட்டகத்தில், கல்யாண மொய்க் கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறார். தெருவில் யார் கேட்டாலும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள என் கடைக்குத்தான் அனுப்புகிறார்.